கூரம் செப்பேடும் கணினி வாசிப்பும்

கல்லிலும் செம்பிலும் வெட்டிய பழைய எழுத்துகளைக் கணினியைக் கொண்டு படிப்பது இன்று தரவு அறிவியலில் தனித் துறையாக வளர்ந்துவிட்டது. கிரேக்கத்திலும் லத்தீனிலும் அது வெகுதூரம் போய்விட்டது. தமிழில் சரக்குக்குப் பஞ்சமில்லை. இந்தியாவில் படியெடுக்கப்பட்ட கல்வெட்டுகளில் வேறெந்த மொழியையும்விடத் தமிழில் உள்ளவையே மிகுதி. ஆனால் சரக்கு வேறு, தரவு வேறு. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை ஒரே ஓர் ஆவணத்தை வைத்துக்கூட அளந்துவிடலாம். காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த பல்லவர் செப்பேடு அதற்கு ஏற்றது.

ஏழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மனின் சாசனம் அது. மெல்லிய செப்புத் தகடுகள் ஏழு. அவற்றைக் கோத்த வளையம். வளையத்தின் முத்திரையில் படுத்திருக்கும் காளை. தகடுகளுக்கு உயர்த்திய விளிம்பு இல்லை. அதனால் ஒன்றோடொன்று உரசி எழுத்து தேய்ந்திருக்கிறது. ஐந்தாம் தகட்டில் ஏறத்தாழப் பாதி போயே போய்விட்டது. முதற்பகுதி வடமொழி, கிரந்த எழுத்தில். பல்லவர் குலவரிசையும் போர்ப் புகழும் அங்கே வருகின்றன. பல்லவன் நரசிம்மவர்மன், புறங்காட்டிய சாளுக்கியன் புலிகேசியின் முதுகையே தகடாக்கி வெற்றி என்ற எழுத்துகளைப் பொறித்தான் என்று, தகட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கவிஞருக்குத் தோன்றியிருக்கிறது. பிற்பகுதி தமிழ். அங்கே கவிதைக்கு வேலையில்லை. நிலம், எல்லை, நீர், பங்கு என்று காரியம் மட்டும்.

பரமேசுவரமங்கலம் என்று அரசன் பெயரிட்ட ஊரை அந்தச் சாசனம் 25 பங்காகப் பிரிக்கிறது. கூரத்துச் சிவன் கோயிலில் வழிபாடு செய்யவும் பழுது பார்க்கவும் அனந்தசிவாசாரியர், புல்லசர்மன் என்ற இருவருக்கு மூன்று பங்கு. மண்டபத்தில் தண்ணீருக்கும் தீக்கும் ஆகும் செலவுக்கு ஒரு பங்கு. அதே மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கு ஒரு பங்கு. மிச்சம் 20 பங்கு நான்கு வேதம் ஓதிய 20 பேருக்கு. கோயிலின் பெயர் வித்யாவினீத பல்லவ பரமேசுவர கிருகம். யானை படுத்ததுபோல் பின்புறம் வளைந்த தூங்கானை மாட அமைப்பு அதற்கு. தமிழகத்தில் கல்லால் கட்டியெழுப்பிய கோயில்களில் மிகப் பழையவற்றுள் ஒன்றாக அறிஞர்கள் அதை எண்ணுகிறார்கள். பரமேசுவரத் தடாகம் என்று ஓர் ஏரி, அதற்குப் பாலாற்றிலிருந்து நீர் கொண்டுவரும் பெரும்பிடுகு என்ற கால்வாய். யாருக்கு, எதற்கு, எவ்வளவு, எந்த எல்லைக்குள் என்ற நான்கு கேள்விக்கும் விடை வரிசையாக இருக்கிறது. இன்றைய கணக்கர் இதைப் பார்த்தால் கட்டம் போட்டு அட்டவணையாக்கிவிடுவார். பல்லவ எழுத்தர் கட்டம் போடாமல் எழுதினார், அவ்வளவுதான் வேறுபாடு.

இந்தத் தகடுகள் அச்சுக்கு வந்தது 1890இல். சென்னை அரசின் கல்வெட்டு அறிஞராக 1886இல் பொறுப்பேற்ற ஜெர்மானியர் ஹுல்ட்ஷ், ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதியில் 151ஆம் எண்ணில் அதைப் பதிப்பித்தார். அதே ஆண்டில்தான் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு எண்ணினார். துளையிட்ட அட்டையில் செய்தியை வைக்கலாம் என்று முதலில் பரவலாகக் காட்டியது ஜக்கார்டு தறி. காஞ்சிப் பட்டின் கரையிலும் முந்தானையிலும் பூவும் அன்னமும் ஏறுவதற்கு அந்த அட்டைகள் இன்னும் தறிமேல் ஓடிக்கொண்டிருக்கின்றன. கணினியின் முன்னோர் யார் என்று கேட்பவருக்குக் காஞ்சியில் காட்ட ஆள் உண்டு. அது தனிக் கதை.

கல்லிலிருந்து தாளுக்கு எழுத்து எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் துறையின் இடர்களைப் புரிந்துகொள்ள முடியாது. மைப்படி எடுப்பவர் முதலில் கல்லைத் தேய்த்துக் கழுவுகிறார். பாசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் போக வேண்டும். பிறகு நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டி, விறைப்பான மயிர்த் தூரிகையால் தட்டுகிறார். எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்குகிறது. அரைகுறையாக உலர்ந்ததும் மை தோய்ந்த பஞ்சுப் பொதியால் மேலே ஒற்றி ஒற்றி எடுக்கிறார். மேட்டில் மை ஏறும், பள்ளத்தில் ஏறாது. கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்தாகச் சாசனம் வந்துவிடுகிறது. தட்டு சற்றுக் கூடினால் தாள் கிழியும். மை சற்றுக் கூடினால் பள்ளமும் கறுத்துவிடும். கல்லில் உள்ள பொரிவு ஒன்று எழுத்தின் கால்போலத் தாளில் பதிந்துவிடுவதும் உண்டு. ஆக, தரவின் முதல் பிழை கணினிக்கு வெகுகாலம் முன்பே, ஈரத் தாளில் தொடங்கிவிடுகிறது.

அடுத்தது பதிப்பு. நல்ல பதிப்பாசிரியர் தெளிவாகத் தெரிந்த எழுத்தை அப்படியே எழுதுவார். மங்கிய எழுத்தைச் சதுர அடைப்புக்குள் வைப்பார். எழுத்தர் விட்டுவிட்டதைத் தாமே சேர்த்தால் உடுக்குறியோடு அடைப்புக்குள் வைப்பார். எதுவும் தெரியாத இடத்தில் புள்ளிகள். பார்ப்பதற்கு இவை அச்சுக்கோப்பவரின் சில்லறை அடையாளங்கள்போல இருக்கும். ஆனால் எது கண்டது, எது கருதியது என்று பிரித்துச் சொல்லும் பொறுப்பு முழுவதையும் அவைதான் சுமக்கின்றன. இயற்பியலில் அளவீட்டோடு பிழையெல்லையை எழுதுவதற்கு நிகரான ஒழுக்கம் இது. கல்வெட்டுக் கணிமையின் எல்லாச் சிக்கலும் கடைசியில் இந்த அடைப்புக்குறியில்தான் வந்து நிற்கிறது.

தமிழ்க் கல்வெட்டுக்குக் கணினி வந்தது இன்று நேற்றல்ல. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மத்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைக் கணினியில் ஏற்றி, மூன்று தொகுதிப் பெயரடைவாக 1978இல் மதுரையில் வெளியிட்டார்கள். கராஷிமா அதற்கு முன்பே 1966இல் கோலாலம்பூர் உலகத் தமிழ் மாநாட்டில், திருச்சிக்கு அருகே காவிரிக் கரையில் உள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் சோழர்காலக் கல்வெட்டுகளை ஒப்பிட்டுக் கட்டுரை படித்திருந்தார். ஒன்று வேளாளர் ஊர், மற்றொன்று பிராமணருக்குக் கொடையாக விட்ட பிரமதேயம். நிலம் யார் கையில், உழுதவர் யார் என்ற கேள்விக்கு இரண்டு ஊரும் இரண்டு விடை சொல்லின. இந்தியக் கிராமம் என்று ஒரே அச்சில் வார்த்ததுபோல் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அது சங்கடம் தந்தது. பிறகு பெயர்களை மொத்தமாக எண்ணியபோது, ஊர்ப்பெயரோடு உடையான் என்று முடியும் பட்டங்கள், மூவேந்தவேளான் போன்ற பட்டங்கள் எந்தக் காலத்தில் எந்த வட்டாரத்தில் எத்தனை என்று தெரியவந்தது. சோழர் ஆட்சியின் பிற்பகுதியில் தனியார் நிலவுடைமை கூடியதை அந்த எண்ணிக்கை காட்டியது. பெரிய கணிதம் ஒன்றும் அதில் இல்லை. கூட்டல், சதவீதம், பொறுமை. தமிழில் தரவு அறிவியல் என்று பெயர் வாங்காமலே நடந்த தரவு அறிவியல் அது. இன்றுவரை அதைத் தாண்டிய பயன் தந்த ஆய்வு இத்துறையில் குறைவு.

ஐராவதம் மகாதேவனின் வேலை இதற்கு அண்ணன் முறை. ஆட்சிப் பணியில் இருந்தவர், சிந்துவெளி முத்திரைகளின் குறிகளைக் கணினி உதவியோடு தொகுத்து 1977இல் அடைவாக வெளியிட்டார். அவர் கணக்கில் தனிக் குறிகள் 417. எந்தக் குறி எந்தக் குறிக்கு முன் வருகிறது, எது வரியின் ஈற்றில் வருகிறது என்பதெல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தது. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ரணஜாய் அதிகாரி, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் நிஷா யாதவ், மயங்க் வாஹியா, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ராஜேஷ் ராவ் முதலியோர் மகாதேவனையும் சேர்த்துக்கொண்டு 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இந்த அடைவின்மேல் நின்றது. ஒரு குறி வந்தபின் அடுத்த குறி எது என்பதில் எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். தமிழில் ‘ங்’ வந்தால் அடுத்து ககர வரிசை வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ‘க’ வந்தால் அப்படிச் சொல்ல முடியாது. இந்தச் சுதந்திரத்தின் சராசரிதான் அவர்கள் அளந்த என்ட்ரோபி. பழந்தமிழ், சுமேரியம், ரிக்வேத வடமொழி, ஆங்கிலம், மரபணுத் தொடர், ஃபோர்ட்ரான் நிரல் எல்லாவற்றோடும் ஒப்பிட்டபோது சிந்துக் குறிகள் மொழிகளின் பக்கத்தில் விழுந்தன. மொழியல்லாத குறித்தொகுதிகளும் அதே இடத்தில் விழக்கூடும் என்று ரிச்சர்ட் ஸ்ப்ரோட் மறுத்தார். கட்டுரை சொன்னது, மொழிக்குரிய ஒழுங்கு தெரிகிறது என்று மட்டும். செய்திகள் எழுத்தையே படித்துவிட்டதுபோல் கொட்டி முழக்கின. அளவான முடிவைச் சொன்ன ஆய்வாளருக்கும், அதைக் கேட்ட ஊருக்கும் இடையில் அடைப்புக்குறி உதிர்ந்துபோனதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

இன்றைய முயற்சிகள் மூன்று படிகளில் நடக்கின்றன. முதலாவது படம். தேய்ந்த கல்வெட்டை உச்சி வெயிலில் படிக்க முடியாது. காலையிலோ மாலையிலோ சாய்வெயில் விழும்போது, அல்லது இரவில் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால், எழுத்து எழுந்து வரும். இதைக் கணிதமாக்கியவர் ஹெச்பி ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டர், 2001இல். கேமராவை அசைக்காமல் வைத்து, விளக்கை மட்டும் பல திசைகளில் மாற்றிப் பல படங்கள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படப்புள்ளியிலும் ஒளியின் திசைக்கேற்பப் பிரகாசம் எப்படி மாறுகிறது என்பதை இருபடிக் கோவை ஒன்றால் பொருத்திவிட்டால், பிறகு திரையில் சுட்டியை நகர்த்தி வேண்டிய திசையிலிருந்து வெயில் அடிக்கச் செய்யலாம். செயற்கை நுண்ணறிவு அல்ல இது. நேர்மையான அறிவியல் கணிப்பு. இல்லாததை இது சேர்ப்பதில்லை. அதனாலேயே கல்வெட்டறிஞர் இதை நம்பலாம்.

இரண்டாவது படி எழுத்தை அடையாளம் காண்பது. நரம்பு வலையமைப்புகள் இதில் கெட்டிக்காரர்கள், பழகுவதற்குப் போதிய மாதிரி கிடைத்தால். கூரம் போன்ற சாசனத்தில் சிக்கல் வடிவத்தோடு முடிவதில்லை. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. கிரந்தமும் தமிழும் கலந்து வரும். கல்வெட்டுகளிலும் ஏடுகளிலும் புள்ளியைப் பெரும்பாலும் இடாமல் விட்டார்கள். குறிலையும் நெடிலையும் எகர ஒகரங்களில் பிரித்துக் காட்டிய புள்ளியும் அதோடு போயிற்று. ஆகவே பழைய எழுத்தில் எரி என்பதும் ஏரி என்பதும் ஒன்றே. தீக்கும் தண்ணீருக்கும் ஒரே பங்கு ஒதுக்கிய சாசனத்தைப் படிக்கும்போது இது வேடிக்கையாகத் தெரியலாம். நிலத்தின் எல்லை சொல்லும் வரியில் வேடிக்கையாக இருக்காது. கால்வாயும் மடையும் கரையும் அக்கம்பக்கத்தில் இருப்பதைப் பார்த்து ஏரிதான் என்று மனிதர் முடிவு செய்கிறார். எழுத்தை மட்டும் அறியும் பொறியால் இதைச் செய்ய முடியாது. அங்கேதான் மூன்றாவது படி, மொழி மாதிரி, உள்ளே வருகிறது.

மொழி மாதிரி செய்வது அடிப்படையில் மகாதேவனின் அடைவு செய்ததுதான்: எதன் பக்கத்தில் எது வரும் என்ற நிகழ்தகவு. அளவுதான் பல கோடி மடங்கு. கிரேக்கக் கல்வெட்டுகளுக்காக டீப்மைண்ட் நிறுவனமும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த இதாகா என்ற மாதிரி 2022இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. சிதைந்த இடத்தை நிரப்பச் சொன்னபோது வரலாற்றறிஞர்கள் தனியாக 25 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். மாதிரி தனியாக 62. மாதிரியைக் கையில் வைத்துக்கொண்ட அறிஞர்கள் 72. கடைசி எண்ணே முக்கியமானது. இன்னொன்றும் உண்டு: இதாகா ஒரே விடையை நீட்டுவதில்லை, பல விடைகளை நிகழ்தகவோடு வரிசைப்படுத்திக் கொடுக்கிறது. அறிஞர் அதிலிருந்து தேர்கிறார், அல்லது எல்லாவற்றையும் தள்ளுகிறார். இந்த மாதிரிக்குத் தீனியாக இருந்தவை ஏறத்தாழ 78,000 கிரேக்கக் கல்வெட்டுகள். பாக்கார்டு நிறுவனத்தின் ஆதரவில் பல்லாண்டாக ஆட்கள் உட்கார்ந்து கணினியில் ஏற்றியவை.

மொழி மாதிரிகளின் பெருங்குறை, நிறுத்தத் தெரியாமை. அடுத்த சொல் எது என்று சொல்லவே பழக்கப்பட்டவை. ஐந்தாம் தகட்டின் இல்லாத பாதியைக் கேட்டாலும் தயங்காமல் எழுதிக் கொடுக்கும். பல்லவ சாசனத்தின் நடை அத்தனையும் அதில் இருக்கும். சாசனம் மட்டும் இருக்காது. கூரத்துக்கு இந்த விஷயத்தில் பழைய கதை ஒன்று உண்டு. இராமானுசரின் தலைமைச் சீடர் கூரத்தாழ்வான் இந்த ஊரில் பிறந்தவர். போதாயன விருத்தி என்ற பழைய உரையைக் காண இருவரும் காஷ்மீரம் போனார்கள், ஏட்டை அங்கிருந்தோர் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், ஆழ்வானோ இரவுகளில் அதைப் படித்து மனத்தில் ஏற்றிவிட்டிருந்தார் என்று வைணவ குருபரம்பரைக் கதைகள் சொல்லும். இராமானுசரின் ஸ்ரீபாஷ்யம் எழுந்தது அந்த நினைவை வைத்து. பொதுவாக எல்லோரும் வியப்பது இந்த நினைவாற்றலை. கதையின் அடுத்த பகுதி அதைவிடப் பெரிது. பாஷ்யத்தை இராமானுசர் சொல்ல ஆழ்வான் எழுத வேண்டும். ஒப்பாத இடம் வந்தால் எழுதாமல் நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. ஆன்மாவின் இயல்பு அறிபவனாயிருத்தல் என்று மட்டும் ஆசிரியர் சொல்லி, இறைவனுக்கு உரியவனாயிருத்தல் என்பதைச் சொல்லாமல் விட்ட இடத்தில் எழுத்தாணி நின்றது. ஆசிரியர் சினந்தும் ஆழ்வான் எழுதவில்லை. பிறகு ஆசிரியர் தம் சொல்லைத் திருத்திக்கொண்டார்.

நினைவைப் பொறிக்குக் கொடுத்தாகிவிட்டது. எழுத்தாணியை நிறுத்தும் அறிவைக் கொடுப்பதுதான் இப்போதைய ஆராய்ச்சி. அதன் வேர் எழுத்தறியும் பொறிகளில்தான் இருக்கிறது. சி. கே. சௌ என்பவர் 1957இலும் 1970இலும் எழுதிய கட்டுரைகளில், பிழையான விடைக்கு ஒரு விலை, விடை சொல்லாமல் விடுவதற்கு ஒரு விலை என்று வைத்துக்கொண்டு, எந்த நிகழ்தகவுக்குக் கீழே போனால் பொறி ‘தெரியாது’ என்று சொல்ல வேண்டும் என்பதைக் கணித்துக் காட்டினார். தபால் முகவரியைப் படிக்கும் பொறிக்கு ‘தெரியாது’ என்பது செலவு; யாராவது எடுத்துப் பார்க்க வேண்டும். கல்வெட்டுக்கு அது வரவு. அடைப்புக்குறி இல்லாமல் அச்சேறிய ஓர் ஊகத்தை அடுத்த தலைமுறை ஆய்வாளர் சான்றாக எடுப்பார். அடுத்த தலைமுறை மாதிரியும் அதையே பாடமாகக் கற்கும். மாதிரிகள் எழுதியதையே திரும்பத் திரும்ப மாதிரிகளுக்கு ஊட்டினால் அரிய வழக்குகள் முதலில் மறைந்து, கடைசியில் எல்லாமே சீர்கெடும் என்று 2024இல் ‘நேச்சர்’ இதழில் ஷுமைலோவும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். கல்வெட்டில் மதிப்புள்ளதெல்லாம் அரிய வழக்குதான்: ஒரே ஒருமுறை வரும் வரிப்பெயர், வேறெங்கும் இல்லாத கால்வாய்ப் பெயர்.

தமிழ்ப் பக்கத்தில் அடிப்படைச் சாமான்களே தாமதமாக வந்தன. கிரந்த எழுத்துக்கு யூனிகோடில் இடம் கிடைத்தது 2014இல். அதுவரை கூரம் செப்பேட்டின் வடமொழிப் பகுதியை அதன் சொந்த எழுத்தில் பொதுத்தரத்தில் கணினியில் தட்டச்சுச் செய்யவே வழியில்லை. மா, காணி, முந்திரி போன்ற பின்னக் குறிகளுக்கு இடம் கிடைத்தது 2019இல். காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. சோழர்கால நில அளவைக் கணக்குகள் இவற்றுக்கும் கீழே இறங்கிப் போகும். நிலக்கணக்கு நிரம்பிய ஆவணங்களில் எண்களுக்கே குறியீடு இல்லாமல் எந்த அட்டவணையைப் போடுவது? மைப்படிகளின் நிலையும் இழுபறிதான். கல்வெட்டுத் தலைமை அலுவலகம் உதகையிலிருந்து 1966இல் மைசூருக்குப் போனது. தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் உத்தரவிட்ட பிறகே அவை திரும்பி வரத் தொடங்கின.

நல்ல முன்மாதிரி இல்லாமலும் இல்லை. ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் நிதியில் 2019இல் தொடங்கிய தர்மா திட்டம், புதுச்சேரியில் மையம் வைத்திருக்கும் பிரெஞ்சுத் தூரக்கிழக்கு ஆய்வுப் பள்ளியும் சேர்ந்து நடத்தியது. பல்லவ சாசனங்களில் தோய்ந்த எம்மானுவேல் பிரான்சிஸ் அதன் பொறுப்பாளர்களில் ஒருவர். கல்வெட்டுப் பாடங்களை எபிடாக் என்ற குறியீட்டு முறையில் அவர்கள் ஏற்றியிருக்கிறார்கள். மங்கியது, சேர்த்தது, இல்லாதது ஒவ்வொன்றுக்கும் அதில் தனி அடையாளம் உண்டு. ஹுல்ட்ஷ் காலத்து அடைப்புக்குறி அப்படியே பொறிக்குப் புரியும் வடிவத்துக்கு மாறுகிறது. இப்படி ஏற்றிய பாடத்தில் பழகும் மாதிரிக்கு, எது கண்டது எது கருதியது என்ற வேறுபாட்டையும் சேர்த்துக் கற்பிக்கலாம். அடைப்பை உதிர்த்துவிட்டு வெறும் எழுத்தை மட்டும் அள்ளிக் கொட்டிய கோப்புகளில் பழகும் மாதிரிக்கு அதை யாராலும் கற்பிக்க முடியாது. இணையத்தில் இருந்து தமிழ்த் தரவைத் திரட்டுவோர் பலர் இன்று செய்வது இரண்டாவது வகை வேலை.

சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் போன்ற குழுக்கள் இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு மாதிரிகளையும் பெருந்தொகுப்புகளையும் பொதுவில் வைத்திருக்கின்றன. அவை இன்றைய தமிழுக்கு. ஏழாம் நூற்றாண்டுத் தமிழுக்கு அவற்றின் நுட்பம் உதவும், தரவு உதவாது. அந்தத் தரவு அச்சிட்ட ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளிலும், இன்னும் அச்சேறாத மைப்படிகளிலும் இருக்கிறது. அதை அடைப்பும் புள்ளியும் சிதையாமல் கணினியில் ஏற்ற, கிரந்தமும் வட்டெழுத்தும் தெரிந்த கண்கள் வேண்டும். தொல்லியல் துறைகளும் பல்கலைக்கழகங்களும் கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த இளைஞர்களுக்கு நிரந்தர வேலையும் சம்பளமும் முதலில் கொடுக்கட்டும். கணினி வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.